பள்ளிக்கூட வாசலுக்குள் பெற்றோரின் உரிமை எதுவரை?

1920ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. லூத்தரன் திருச்சபை நடத்திய அந்தப் பள்ளியில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர், பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஜெர்மன் மொழியில் பைபிள் கதை வாசிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் அரசு வழக்கறிஞர் வகுப்புக்குள் வந்து நின்றார். மேயர் பாடத்தை நிறுத்தவில்லை. அதற்காக அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 25 டாலர்.

முதல் உலகப் போரின் கசப்பு தணியாத காலம் அது. பக்கத்து மாநிலமான அயோவாவில், ரயிலிலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று 1918இலேயே ஆளுநர் அறிவித்திருந்தார். நெப்ராஸ்கா 1919இல் போட்ட சட்டம், 8ஆம் வகுப்பு முடிக்காத எந்தப் பிள்ளைக்கும், எந்தப் பள்ளியிலும், அது தனியார் பள்ளியாகவே இருந்தாலும், வேற்று மொழி கற்பிக்கக் கூடாது என்றது. லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு ஆகியவற்றுக்கு மட்டும் தடை இல்லை. பேச்சு வழக்கில் இல்லாத மொழிகளைக் கற்பிக்கலாம், பாட்டியோடு பேசுகிற மொழியைக் கற்பிக்கக் கூடாது!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1923இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அமெரிக்க அரசியலமைப்பில் 'பெற்றோர்' என்ற சொல்லே கிடையாது. அதன் 14ஆவது திருத்தத்தில் உள்ள 'சுதந்திரம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள், பிள்ளையை வளர்க்கும் உரிமையும் அடங்கும் என்று நீதிபதிகள் வாசித்தார்கள். இன்று அமெரிக்காவில் 'பெற்றோர் உரிமை' என்று யார் எந்தப் பக்கமிருந்து பேசினாலும், அவர்கள் காலை ஊன்றி நிற்பது இந்தத் தீர்ப்பின் மேல்தான். தாய்மொழியைப் பிள்ளைக்குக் கொடுப்பதற்காக நடந்த வழக்கு இது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 'மற்ற எல்லா அந்நியப் பேச்சும்' தடைக்குள் வருகிறது என்று அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் இன்று சனி, ஞாயிறுகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகள் அன்று இருந்திருந்தால், நெப்ராஸ்கா போன்ற சட்டத்தின் கீழ் அவையும் சிக்கலில்தான் மாட்டியிருக்கும்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு தீர்ப்பு. ஓரிகன் மாநிலம் 1922இல், கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆதரவோடு நடந்த வாக்கெடுப்பில், எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. குறி கத்தோலிக்கப் பள்ளிகள்மேல். கன்னியர் சபை ஒன்றும் ஒரு ராணுவப் பயிற்சிப் பள்ளியும் வழக்குப் போட்டன. 1925இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தைத் தள்ளியது. குழந்தை அரசாங்கம் படைத்த வெறும் பொருள் அல்ல என்ற அந்தத் தீர்ப்பின் வாசகம் நூறு ஆண்டாக மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது.

இரண்டு தீர்ப்புகளும் பெற்றோருக்குக் கொடுத்தது ஒன்றைத்தான்: பிடிக்காவிட்டால் அரசுப் பள்ளியை விட்டு வெளியே போகும் உரிமை, வெளியே போய்த் தன் விருப்பப்படி கற்பிக்கும் உரிமை. அரசுப் பள்ளிக்குள் இருந்துகொண்டே, 'இதைச் சொல்லிக்கொடு, அதைச் சொல்லிக்கொடுக்காதே' என்று கேட்கும் உரிமை உண்டா என்பதை அவை தீர்க்கவில்லை. இன்றைய சண்டை முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதே.

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். அமெரிக்காவில் நம் ஊர்போல ஒரே கல்வித் துறையோ, மாநிலம் முழுக்க ஒரே பாடநூலோ கிடையாது. சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. நாம் நினைக்கும் வருவாய் மாவட்டம் அல்ல. சில ஊர்களைச் சேர்த்து ஒரு பள்ளி மாவட்டம், அதற்குப் பெரும்பாலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு வாரியம். என்ன புத்தகம் வாங்குவது, எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதில் அந்த வாரியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஏறக்குறைய 5 கோடிப் பிள்ளைகள் இந்த அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஆகவே பெற்றோரின் முதல் உரிமை வாக்குச்சீட்டாகவே இருந்தது. வாரியக் கூட்டத்துக்குப் போய் ஒலிவாங்கி முன்னால் நின்று இரண்டு, மூன்று நிமிடம் பேசலாம். பிடிக்காத உறுப்பினரை அடுத்த தேர்தலில் மாற்றலாம்.

அது போதாது என்று நினைத்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து ஆமிஷ் சமூகத்தினர் வென்றார்கள். கார், மின்சாரம் எல்லாவற்றையும் தள்ளி வைத்து வாழும் விவசாயச் சமூகம் அது. 8ஆம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த மூன்று தகப்பன்மாருக்கு ஆளுக்கு 5 டாலர் அபராதம் போட்டிருந்தார்கள். அவர்களின் மத நம்பிக்கையும் வாழ்க்கை முறையும் பிரிக்க முடியாதவை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது. அந்த வழக்கில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஒரு கேள்வியை எழுப்பினார். தகப்பனின் மதம் பற்றிப் பேசுகிறோம், அந்தப் பிள்ளைகளைக் கேட்டோமா? ஒருத்தி நாளை பியானோ வாசிக்கவோ விண்வெளிக்குப் போகவோ ஆசைப்படலாம் அல்லவா? மூன்று குடும்பத்தில் ஒரு பெண் மட்டுமே சாட்சி சொல்லியிருந்தாள். அவளுடைய தகப்பனின் விஷயத்தில் மட்டும் டக்ளஸ் தீர்ப்போடு உடன்பட்டார். மற்றவர்கள் விஷயத்தில் உடன்படவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை சரியான பதில் வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆமிஷ் மக்கள் கேட்டதும் வெளியேறும் உரிமைதான். பள்ளிக்குள் இருந்துகொண்டு கேட்டவர்கள் தோற்றார்கள். டென்னசி மாநிலத்தின் ஹாக்கின்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் வருவாய் மாவட்டம் போன்றது) சில கிறிஸ்தவக் குடும்பங்கள், வாசிப்புப் பாடநூலில் உள்ள கதைகள் தங்கள் நம்பிக்கைக்கு எதிரானவை, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு புத்தகம் கொடுங்கள் என்று கேட்டன. 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. ஒரு கருத்தைக் கேட்பது வேறு, அதை நம்பும்படி கட்டாயப்படுத்துவது வேறு என்றது. பல பத்தாண்டுகள் இந்த வேறுபாட்டின்மேல்தான் அரசுப் பள்ளி வகுப்பறை நடந்தது.

நீதிமன்றங்கள் இப்படிக் கதவை அடைத்துக்கொண்டிருந்தபோது, நாட்டின் சட்டமன்றமான காங்கிரஸ் இன்னொரு பக்கம் அமைதியாகச் சில சன்னல்களைத் திறந்துவிட்டிருந்தது. 1974இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம், பிள்ளையின் பள்ளிப் பதிவேடுகளைப் பெற்றோர் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும் என்றது. 1978இல் வந்த இன்னொன்று, குடும்பத்தின் அரசியல், மதம், பாலியல், வருமானம் பற்றி மாணவர்களிடம் கருத்துக்கணிப்பு எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது.

எல்லாவற்றிலும் பெரியது மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்கான 1975ஆம் ஆண்டுச் சட்டம். இதைப் பற்றி யாரும் மேடையில் முழங்குவதில்லை, தொலைக்காட்சியில் விவாதம் நடப்பதில்லை. ஆனால் பெற்றோர் உரிமை என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் உண்மையிலேயே எலும்பும் சதையும் கொடுத்தது இதுதான் என்பேன். அதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் அரசுப் பள்ளிக்கு வெளியே நின்றார்கள். 'உங்கள் பிள்ளைக்கு இங்கே இடமில்லை' என்று சொல்லி அனுப்புவது சட்டப்படியே நடந்தது. பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பெற்றோர் தொடுத்த வழக்குகள் அந்த நிலையை உடைத்தன. அதன் பிறகு வந்த சட்டம், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பிள்ளையை முதல் முறை மதிப்பீடு செய்யவே கூடாது என்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுத வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும், எழுதும் குழுவில் பெற்றோர் ஓர் உறுப்பினர். மொழி புரியாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்வது பள்ளியின் பொறுப்பு. மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால், வெளியிலிருந்து இன்னொரு மதிப்பீட்டை அரசுச் செலவில் கேட்கலாம். அப்புறமும் ஒத்துவரவில்லையா, விசாரணை கேட்கலாம். விசாரணை முடியும்வரை பிள்ளையை இருக்கும் இடத்திலிருந்து நகர்த்த முடியாது. 2007இல் ஓஹியோவைச் சேர்ந்த ஒரு தம்பதி, வக்கீல் வைக்கப் பணமில்லாமல் தாங்களே வழக்கு நடத்தியபோது, இந்தச் சட்டம் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் சொந்த உரிமை கொடுத்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது.

இன்று 75 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்தச் சட்டத்தின் கீழ் படிக்கிறார்கள். அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள் 'ஐஇபி மீட்டிங்' என்று சொல்வது இந்தத் தனிக் கல்வித் திட்டக் கூட்டத்தைத்தான். மேசையைச் சுற்றி வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், நடுவில் அம்மா அப்பா. எல்லாக் கூட்டமும் நல்லபடியாக முடிவதில்லை, சண்டையும் கண்ணீரும் நிறைய உண்டு. ஆனாலும் பெற்றோர் அங்கே புகார்தாரராக நிற்கவில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, இத்தனை காலம் ஓரமாகக் கிடந்த பேச்சு நடுத்தெருவுக்கு வந்தது எப்படி? 2020இல் கொரோனா வந்து பள்ளிகள் மூடின. வகுப்பறை சமையலறை மேசைக்கு வந்தது. ஆசிரியர் பேசுவதைப் பெற்றோர் முதல் முறையாகப் பக்கத்தில் இருந்து கேட்டார்கள். பள்ளியை எப்போது திறப்பது, முகக்கவசம் வேண்டுமா வேண்டாமா என்று வாரியக் கூட்டங்களில் கைகலப்பு வரைக்கும் போனது. இனவெறியின் வரலாற்றை எப்படிச் சொல்லிக்கொடுப்பது, தன்பால் ஈர்ப்பு, பாலின அடையாளம் பற்றி எந்த வயதில் பேசுவது என்ற கேள்விகளும் அதோடு சேர்ந்துகொண்டன. 2021 செப்டம்பரில் வர்ஜீனியா ஆளுநர் தேர்தல் விவாதத்தில், பள்ளியில் என்ன கற்பிக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்லக் கூடாது என்ற பொருளில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டெர்ரி மெக்காலிஃப் ஒரு வாக்கியம் பேசினார். அந்த ஒரு வாக்கியத்தைக் குடியரசுக் கட்சியின் கிளென் யங்கின் தேர்தல் முடியும்வரை விடவில்லை. நவம்பரில் அவரே வென்றார். அன்றிலிருந்து 'பெற்றோர் உரிமை' வாக்கு தரும் சொல் ஆகிவிட்டது.

புளோரிடா ஏற்கெனவே 2021இல் 'பெற்றோர் உரிமை சாசனம்' ஒன்றைச் சட்டமாக்கியிருந்தது. 2022 மார்ச் 28 அன்று ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட சட்டம்தான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 'கல்வியில் பெற்றோர் உரிமைகள் சட்டம்' என்பது அதன் பெயர். எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர் 'கே (தன்பால் ஈர்ப்பாளர்) என்று சொல்லாதே' சட்டம். மழலை வகுப்பிலிருந்து 3ஆம் வகுப்பு வரை பாலியல் ஈர்ப்பு, பாலின அடையாளம் பற்றி வகுப்பறைக் கற்பித்தல் கூடாது என்ற பகுதியே எல்லோர் கண்ணிலும் பட்டது. அதைவிட முக்கியமான பகுதி பின்னால் இருந்தது. பெற்றோர் புகார் சொன்னால் பள்ளி 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், அல்லது ஏன் தீர்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் மாநிலத்திடம் சிறப்பு விசாரணை அதிகாரியைக் கேட்கலாம், செலவு பள்ளி மாவட்டத்துடையது. அல்லது நேராக நீதிமன்றம் போகலாம், வென்றால் வக்கீல் கட்டணமும் மாவட்டத்தின் தலையில்.

ஒரு சட்டம் எதைத் தடுக்கிறது என்பது தெளிவாக இருந்தால் இந்த ஏற்பாட்டில் பெரிய தவறில்லை. இங்கே தெளிவு இல்லை. முன்னுரையில் 'வகுப்பறை உரையாடல்' என்றும் உள்ளே 'வகுப்பறைக் கற்பித்தல்' என்றும் இருந்தது. கற்பித்தல் என்றால் எது என்று எங்கும் சொல்லவில்லை. இரண்டு அம்மாக்கள் உள்ள பிள்ளை தன் குடும்பத்தை வரைந்து கொண்டுவந்தால் சுவரில் மாட்டலாமா? மேசையில் இருக்கும் குடும்பப் புகைப்படத்தை ஆசிரியர் எடுத்துவிட வேண்டுமா? பதில் தெரியாதபோது மனிதர்கள் பாதுகாப்பான பக்கம் ஒதுங்குவார்கள். ஆசிரியர்கள் ஒதுங்கினார்கள். 2023 ஏப்ரலில் மாநிலக் கல்வி வாரியம் தடையை 12ஆம் வகுப்பு வரை நீட்டியது. இரண்டு ஆண்டு வழக்குக்குப் பிறகு, 2024 மார்ச்சில் வந்த சமரசத்தில்தான், பேசுவதற்குத் தடையில்லை, பாடமாக நடத்துவதற்குத்தான் தடை, நூலகப் புத்தகங்கள் இதில் வராது என்று எழுத்தில் தெளிவானது. அந்த ஒரு பத்தியை 2022இலேயே சட்டத்துக்குள் எழுதியிருக்கலாமே!

பெயர் விஷயமும் அப்படித்தான். பதிவேட்டில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரில் பிள்ளையைக் கூப்பிடப் பெற்றோர் படிவத்தில் ஒப்புதல் தர வேண்டும் என்று 2023இல் புளோரிடாவில் விதி வந்தது. நோக்கம் திருநர் மாணவர்கள் தொடர்பானது. வலையில் விழுந்தது எல்லாப் பிள்ளைகளும். ராபர்ட்டை 'ராப்' என்று கூப்பிடவும் படிவம் வேண்டும் என்று பள்ளி மாவட்டங்கள் கடிதம் அனுப்பின. கார்த்திகேயனைக் 'கார்த்திக்' என்று கூப்பிடவும் அப்படித்தான்.

புத்தகங்களின் கதை இன்னும் வேகமாக ஓடியது. பாலியல் நடத்தையை விவரிக்கிறது என்று ஒருவர் ஆட்சேபித்தால், 5 பள்ளி நாட்களுக்குள் அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, முடிவு வரும்வரை வெளியே வைக்க வேண்டும் என்று 2023இல் இன்னொரு சட்டம் வந்தது. ஆட்சேபிப்பவருக்கு அந்தப் பள்ளியில் பிள்ளை இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, அந்தக் கவுண்டியில் குடியிருந்தால் போதும். ஒரு சிலரே கட்டுக்கட்டாகப் புகார் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2024இல் அதே சட்டமன்றம் இறங்கிவந்து, அங்கே படிக்கும் பிள்ளை இல்லாதவர் மாதத்துக்கு ஒரு ஆட்சேபம்தான் கொடுக்கலாம் என்று வரம்பு கட்டியது. என் பிள்ளை இந்தப் புத்தகத்தைப் படிக்கக் கூடாது என்று நான் சொல்வது பெற்றோர் உரிமை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் படிக்கக் கூடாது என்று நான் சொன்னால், பக்கத்து வீட்டுப் பெற்றோரின் உரிமை எங்கே போனது?

நாடு முழுமைக்குமான மசோதா ஒன்று 2023 மார்ச் 24 அன்று பிரதிநிதிகள் சபையில் 213-208 என்று நிறைவேறியது. பாடத்திட்டத்தையும் பள்ளியின் வரவுசெலவையும் நூலகப் பட்டியலையும் பார்க்கும் உரிமை, ஆண்டுக்கு இரு முறை ஆசிரியரைச் சந்திக்கும் உரிமை போன்றவை அதில் இருந்தன. செனட்டில் நகரவில்லை. கலிபோர்னியா எதிர்த்திசையில் போனது. பிள்ளை வேறு பாலின அடையாளத்தோடு நடந்துகொண்டால் வீட்டுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்று சீனோ வேலி போன்ற பள்ளி மாவட்டங்கள் விதி போட, அப்படி ஆசிரியரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2024இல் மாநிலம் சட்டம் போட்டது.

இத்தனைக்கும் நடுவே மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுண்டியில் ஒரு வழக்கு வளர்ந்துகொண்டிருந்தது. வாஷிங்டனுக்குப் பக்கத்தில், உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் வாழும் இடம். சுமார் 1,60,000 மாணவர்கள். 2022இல் தொடக்கப் பள்ளி ஆங்கில வகுப்புக்குச் சில கதைப்புத்தகங்கள் வந்தன, தன்பால் ஈர்ப்பாளர்களும் திருநர்களும் பாத்திரங்களாக வரும் கதைகள். முதலில், வேண்டாம் என்ற பெற்றோருக்கு விலக்கு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில், கேட்பவர்கள் அதிகம், சமாளிக்க முடியவில்லை என்று சொல்லி நிறுத்தினார்கள். முஸ்லிம், எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து தெருவுக்கு வந்தன. இது வழக்கமான கட்சி அரசியல் கூட்டம் அல்ல. பாலியல் கல்வி வகுப்பிலிருந்து விலகிக்கொள்ள மேரிலாந்தில் ஏற்கெனவே விதி இருந்தது. ஆங்கில வகுப்பில் வந்ததால் விலக்கில்லை என்றது அந்தப் பெற்றோருக்கு ஏமாற்றுவேலையாகப் பட்டதில் வியப்பில்லை.

2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று பெற்றோர் பக்கம் நின்றது. அந்தப் புத்தகங்கள் வகுப்பில் வரும்போது முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், விலக அனுமதிக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு. தீர்ப்பை எழுதிய சாமுவேல் அலிட்டோ தூக்கிப்பிடித்தது 1972ஆம் ஆண்டு ஆமிஷ் தீர்ப்பை. புத்தகங்களை மட்டுமல்ல, பிள்ளைகள் மறுத்துப் பேசினால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர்களுக்குக் கொடுத்திருந்த குறிப்புகளையும் அவர் எடுத்துக்காட்டினார். சிறு பிள்ளையின் மத நம்பிக்கையை இது அரிக்கும் என்றார். வெறும் அறிமுகம் என்ற பழைய வாதம் அங்கே எடுபடவில்லை. எதிர்த்து எழுதிய சோனியா சோடோமேயர், பல நம்பிக்கைக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் இடம் அரசுப் பள்ளி, ஒவ்வொரு பாடத்துக்கும் விலக்கு என்றால் அது எப்படி நடக்கும் என்று கேட்டார்.

நான் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். விலக்கை நிறுத்தியது மாண்ட்கமரி வாரியத்தின் தவறு. ஒரு சலுகையைக் கொடுத்துவிட்டு, நிறையப் பேர் கேட்கிறார்கள் என்ற காரணத்துக்காகவே பறித்தால் கோபம் வரும். பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருந்தால் வாஷிங்டன் வரை போயிருக்காது. அதே நேரம், இந்தத் தீர்ப்பு மத நம்பிக்கையின் அடிப்படையில் கேட்கும் பெற்றோருக்கே உதவுகிறது. பரிணாமத்துக்கும் வரலாற்றுக்கும் இதே கோரிக்கை வந்தால் ஒற்றை ஆசிரியர் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்பது தீர்ப்பை எதிர்ப்பவர்கள் பக்கத்து நியாயமான கவலை. ஒரு பிள்ளையை எழுப்பி வெளியே அனுப்பும்போது, இரண்டு அப்பாக்கள் உள்ள இன்னொரு பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கும் பெற்றோர் உண்டு.

புதிய சட்டங்களில் எனக்கு உறுத்துவது, அவை பெற்றோரின் கையில் கொடுப்பது பெரும்பாலும் புகார் மனுவும் வழக்கும்தான் என்பது. இரண்டு வேலை பார்க்கும் அம்மா சிறப்பு விசாரணை அதிகாரி முன்னால் போய் நிற்க மாட்டார். நேரமும் பணமும் கோபமும் உள்ளவர்களே போவார்கள். 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வழக்கு உண்டு, ஆனால் அது கடைசியில் வருகிறது. முதலில் வருவது கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பள்ளிக்குப் பிறகு என்ன என்ற திட்டத்தைப் பிள்ளைக்கு 16 வயது ஆவதற்குள் எழுதத் தொடங்க வேண்டும். அதைப் பேசும் கூட்டத்துக்குப் பெற்றோரை மட்டும் அழைத்தால் போதாது. பிள்ளையையும் அழைத்தே ஆக வேண்டும். வர முடியாவிட்டால் அதன் விருப்பம் என்ன என்று கேட்டறிய வேண்டும். 1972இல் டக்ளஸ் ஒருவராக நின்று கேட்டதை, மூன்று வருடம் கழித்து வேறெதற்கோ பிறந்த ஒரு சட்டம், காலப்போக்கில் தன் விதிகளுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறது.